எறும்பு ஊரக் கல்லும் தேயும்: கூழாங்கல்லுக்கு மினுக்கம் ஏற்றுவது எப்படி?

(எமது சங்கத்தின் குளிர்கால ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. புத்தாண்டு மலர் வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

இந்த மேடையில் வழமையாகப் பேசுபவர்கள் ஆசிரியர்களும் கவிஞர்களும் பட்டம் பெற்றவர்களும். நானோ உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். இரும்புச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் காலை, பின்னேரம், இரவு என்று மூன்று நேர வேலை மாறி மாறிச் செய்பவன். "உமக்குத் தெரிஞ்சதை வந்து சொல்லும் தம்பி, அது காணும்" என்று தலைவர் சொன்னபடியால் துணிந்து வந்து நிற்கிறேன். எனக்குத் தெரிந்தது கல் தேய்ப்பது.

இப்போது உங்கள் கைகளுக்கு இரண்டு கிண்ணங்கள் வரும். ஒன்றில் இருப்பது றைன் ஆற்றங்கரையில் பொறுக்கிய சாதாரணக் கூழாங்கற்கள். மற்றதில் இருப்பதும் அதே கரையில் பொறுக்கிய கற்கள்தான். ஆனால் இவை ஆறு கிழமை உருளைக்குள் சுற்றி வந்தவை. தொட்டுப் பாருங்கோ. எண்ணெய் பூசவில்லை, வார்னிஷ் அடிக்கவில்லை. இந்த மினுக்கம் கல்லின் சொந்த மினுக்கம். மேலே இருந்த கரடுமுரடை எடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

ஏன் இந்தக் கதை?

"வேலைக்கும் வீட்டுக்கும் ஓடவே நேரமில்லை, இதுக்குள்ள கல்லை உருட்டிறதோ?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. நேரமில்லாதவர்களுக்குத்தான் இது பொருத்தம். வேலை செய்வது இயந்திரம். எங்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை ஒரு மணித்தியால வேலை மட்டுமே.

எங்கட வீடுகளில் தகப்பனும் பிள்ளையும் கதைக்கும் கதை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கோ. "சாப்பிட்டியா? படிச்சியா? போனை வை." இதற்கு மேலே கதை போவதில்லை. பிள்ளைக்கு டொச்சு நன்றாக வரும், எங்களுக்குத் தமிழ் நன்றாக வரும், நடுவில் மௌனம். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் ஒரு பீப்பாவைத் திறந்து, கல்லைக் கழுவி, "இது சரியோ, இன்னும் ஒரு கிழமை போகட்டுமோ?" என்று இரண்டு பேரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது கதை தானாக வரும். கூழாங்கல், பிசிறு, கீறல், வெடிப்பு, வழுவழுப்பு, சொரசொரப்பு என்ற சொற்களைப் புத்தகம் வைத்துப் படிப்பிக்கத் தேவையில்லை. விரல் நுனியால் அந்தப் பிள்ளை படித்துவிடும்.

அகதி முகாமிலே முடிவுக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் தம்பிமாரையும் நினைத்துப் பேசுகிறேன். காத்திருக்கும் காலம் மனிதனைத் தின்னும் காலம். அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை இருந்தால் மனதுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

கல் தேய்த்து வாழ்ந்த ஊர்

நாங்கள் வாழும் இந்த ஜேர்மனியிலே கல் தேய்ப்பதற்கென்றே பெயர் பெற்ற ஊர் ஒன்று உண்டு. றைன்லாண்ட்-ஃபல்ஸ் மாநிலத்தில், நாஹெ ஆற்றங்கரையில் உள்ள இடார்-ஓபர்ஸ்ரைன். இடார், ஓபர்ஸ்ரைன் என்ற ஊர்கள் 1933 ஆம் ஆண்டில் ஒன்றாக்கப்பட்டன. சுற்றியுள்ள மலைகளில் அகேற் என்னும் வரிவரியான கல்லும் ஜஸ்பர் என்னும் சிவப்பு, மஞ்சள் கல்லும் கிடைத்தன. ஓடும் ஆற்றுத் தண்ணீரால் சுற்றும் பெரிய மணற்கல் சக்கரங்களில் அவற்றைத் தேய்த்தார்கள். தொழிலாளி ஒரு சாய்வுப் பலகையில் குப்புறப் படுத்து, காலை உதைந்துகொண்டு, கல்லைச் சக்கரத்தில் அழுத்திப் பிடிப்பார். ஈரமும் தூசியும் நெஞ்சுக்குள் போய்ப் பலர் சுவாச நோயால் வருந்தினார்கள். அப்படியான பழைய ஆலை ஒன்றை 'வையர்ஸ்லைஃப' என்னும் இடத்தில் இன்றும் பார்க்கலாம். ஸ்ரைன்கவுலன்பேர்க் என்ற பழைய சுரங்கத்துக்குள்ளும் பருவ காலத்தில் பொதுமக்களை விடுகிறார்கள்.

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊரில் கல் தீர்ந்துபோனது. தொழில் படுத்தது, வறுமை வந்தது. சனம் கடல் கடந்து பிறேசிலுக்குப் போனது. அப்படிப் போனவர்கள் 1827 ஆம் ஆண்டளவில் பிறேசிலின் தெற்கே றியோ கிராண்டே டொ சூல் பகுதியில் அகேற் கற்கள் கிடப்பதைக் கண்டார்கள். பார்த்தவுடனே அடையாளம் தெரிந்தது, ஏனென்றால் ஊரில் அதைத் தேய்த்து வளர்ந்த கைகள். 1834 இல் முதற்தொகுதிக் கற்கள் இடாருக்கு வந்து சேர்ந்தன. செத்துக்கொண்டிருந்த தொழில் மறுபடி உயிர்பெற்றது. புலம்பெயர்ந்து போனவனின் கண் ஊரை மறக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

எங்கட இனத்துக்கும் இந்தத் தொழில் புதிதல்ல. தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்திலுள்ள கொடுமணலில், சங்ககாலத்து மக்கள் பளிங்கு, சூதுபவளம் போன்ற கற்களில் மணி செய்ததற்கான சான்றுகளைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

மினுக்கம் என்றால் என்ன?

இப்போது விசயத்துக்கு வருவோம். ஒரு கல் ஏன் மங்கலாக இருக்கிறது? மேற்பரப்பு முழுக்கக் கீறலும் குழியும். வெளிச்சம் அதிலே பட்டுக் கண்டபடி சிதறுகிறது. அந்தக் கீறல்களை வெளிச்சத்தின் அலைநீளத்தை விடச் சிறிதாக்கிவிட்டால் சிதறல் நின்று கண்ணாடி போலத் தெறிக்கும். வெளிச்சத்தின் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரை இரண்டாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவு. அவ்வளவு சிறிய கீறலுக்கு ஒரே பாய்ச்சலில் போக முடியாது. பெரிய கீறலைச் சின்னக் கீறலாக்கி, சின்னதை இன்னும் சின்னதாக்கிப் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். இந்தத் தொழிலின் முழு இரகசியமும் இதுதான்.

இயந்திரம் சாதாரணமானது. றபர் பூசிய சிறிய பீப்பா ஒன்று இரண்டு உருளைத் தடிகளின் மேல் படுத்திருக்கும். மோட்டார் தடியைச் சுற்ற, பீப்பா மெதுவாகச் சுழலும். உள்ளே கல், தண்ணீர், தேய்ப்புத் தூள். கற்கள் சுவரோடு மேலே ஏறி, மண் சரிவது போலச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவில்தான் கல்லும் கல்லும் தூளும் உரசித் தேய்கின்றன. எங்கட தொழிற்சாலையிலும் வெட்டிய இரும்புத் துண்டுகளின் பிசிறை எடுப்பதற்கு, முக்கோணப் பீங்கான் துண்டுகளோடு தொட்டிக்குள் போட்டுக் குலுக்குகிறோம். ஆறும் கடலும் ஆயிரக்கணக்கான வருடமாகச் செய்வதை நாங்கள் கிழமைக் கணக்கில் செய்கிறோம்.

கல்லைத் தெரிவு செய்தல்

மினுக்கத்தில் பாதி கல்லைப் பொறுக்கும்போதே தீர்மானமாகிவிடும். 1812 ஆம் ஆண்டில் பிறீட்றிக் மோஸ் என்ற ஜேர்மன் கனிமவியலாளர் கல்லின் கடினத்துக்கு 1 முதல் 10 வரை ஒரு வரிசை வகுத்தார். மிக மென்மையான ரல்க் 1, வைரம் 10. எங்களுக்கு வேண்டியது 7: குவாட்ஸ் இனம். அகேற், ஜஸ்பர், சூதுபவளம், சக்கிமுக்கிக் கல், வெள்ளைப் பளிங்குக் கல் எல்லாம் இந்தக் குடும்பம். தொடங்குபவர்கள் இந்தக் குடும்பத்தை விட்டு வெளியே போகாதீர்கள்.

ஆற்றங்கரையில் இதை எப்படி அறிவது? மூன்று சோதனை போதும்.

முதலாவது, சாதாரண கத்தி நுனியால் கீறிப் பாருங்கோ. கல்லில் கீறல் விழுந்தால் அது மென்மையான கல், விட்டுவிடுங்கோ. கீறல் விழாமல் கத்தியின் இரும்பு கல்லில் கோடாக ஒட்டினால் அது நல்ல கல்.

இரண்டாவது, ஒரு துளி வினாகிரி விடுங்கோ. நுரைத்தால் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கிணறு வெட்டிய கல் இந்த வகைதான். அதன் கடினம் 3 அளவு. குவாட்ஸோடு சேர்த்துப் போட்டால் அது கரைந்து சேறாகிவிடும், மற்றக் கல்லும் பழுது.

மூன்றாவது, கண்ணால் பாருங்கோ. மணல் மணியாக உதிர்வது, ஓட்டை ஓட்டையாக இருப்பது, நடுவில் வெடிப்பு ஓடுவது எல்லாம் வேண்டாம். வெடிப்புக்குள் பருமன் தூள் ஒளிந்திருந்து, கடைசிக் கட்டத்தில் வெளியே வந்து எல்லாக் கல்லையும் கீறிவிடும். அம்மி செய்யும் கருங்கல் வகையையும் முதலில் தொடாதீர்கள். அதற்குள் கடினமும் மென்மையுமான மணிகள் கலந்திருக்கும், மென்மையானது முதலில் தேய்ந்து மேற்பரப்பு குழிகுழியாகும்.

ஒரு பீப்பாவில் ஒரே கடினமுள்ள கற்களை மட்டும் போடுங்கோ. ஆனால் அளவு கலந்து இருக்கட்டும். நாலைந்து பெரியது, மிச்சம் நடுத்தரமும் சிறியதும். பெரியதுகளின் இடைவெளிக்குள் சிறியதுகள் நுழைந்து எல்லாப் பக்கமும் தேய்த்துக் கொடுக்கும். சிறிய கல் போதாவிட்டால் பீங்கான் மணிகள் விற்கிறார்கள், அவற்றைச் சேர்க்கலாம்.

இன்னுமொரு வேண்டுகோள். இயற்கைப் பாதுகாப்பு இடம் என்று பலகை போட்டிருந்தால் அங்கே பொறுக்காதீர்கள். றைன் ஆற்றில் தண்ணீர் வற்றிய காலத்தில் கரையில் மட்டும் பொறுக்குங்கோ. பார்க்க அமைதியான ஆறு, ஆனால் நீரோட்டம் ஆளை இழுக்கும். கப்பல் போனால் முதலில் தண்ணீர் பின்வாங்கி, பிறகு அலையாகத் திரும்பி வரும். பிள்ளைகளை முழங்கால் தண்ணீருக்கும் விடவேண்டாம்.

நாலு கட்டம்

ஒரு கிலோ அளவு கல் கொள்ளும் சிறிய பீப்பாவை வைத்துச் சொல்கிறேன்.

முதற்கட்டம், பருமன் தூள். சிலிக்கன் காபைட்டு என்று கேட்டு வாங்குங்கோ. கடினம் 9 இற்கு மேலே, ஆகவே குவாட்ஸை வெட்டும். அதன் இலக்கம் 60/90. இலக்கம் என்பது அரிதட்டின் கண் கணக்கு: இலக்கம் கூடக் கூடத் தூள் மாவாகும். பீப்பாவின் மூன்றில் இரண்டு பங்குக்குக் கல் போட்டு, நாலு மேசைக்கரண்டி தூள் போட்டு, மேல் வரிசைக் கல்லின் அடி நனையும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கோ. மூடி, ஏழு நாள் இரவு பகலாக ஓடவிடுங்கோ.

ஏழு நாளில் தூள் நொருங்கிச் சேறாகிவிடும். அதற்குப் பிறகு அதே சேற்றோடு ஓட்டுவது வீண் மின்சாரம். கழுவி, புதுத்தூள் போட்டு மறுபடி ஏழு நாள். குழி, வெடிப்பு, கூர்மூலை எல்லாம் போகும் வரைக்கும் இந்தக் கட்டம்தான். சில கல்லுக்கு ஒரு கிழமை, சிலதுக்கு மூன்று, நாலு கிழமை. சரியானதை எடுத்து வைத்துவிட்டு மற்றதை மீண்டும் போடுங்கோ. இங்கே திருத்தாத குறையைப் பிறகு எந்தக் கட்டமும் திருத்தாது. கல்லின் நிறையில் ஒரு நல்ல பங்கு இந்தக் கட்டத்தில் சேறாகப் போய்விடும், அதற்குக் கவலைப்படாதீர்கள்.

இரண்டாம் கட்டம், நடுத்தரத் தூள். சிலிக்கன் காபைட்டு 150/220, ஏழு நாள். இது முதற்கட்டத்தின் கீறலை எடுக்கும். முடிந்தபோது கல் வழுவழுப்பாக, ஆனால் மங்கலாக இருக்கும்.

மூன்றாம் கட்டம், 500 இலக்கத் தூள், ஏழு நாள். முடிவில் கல்லைத் துடைத்துக் காயவைத்தால் பட்டுத்துணி போல ஒரு மெல்லிய பளபளப்பு தெரியவேண்டும். அது தெரியாவிட்டால் நாலாம் கட்டத்துக்குப் போகாதீர்கள்.

நாலாம் கட்டம், மினுக்கும் தூள். அலுமினியம் ஒக்சைட் அல்லது சீரியம் ஒக்சைட். தொடங்குபவர்களுக்கு முதலாவது போதும், விலையும் குறைவு. ஏழு நாள். கல் இதற்குள் தேய்ந்து குறைந்திருக்கும், ஆகவே பீங்கான் மணிகளைச் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கை நிரப்புங்கோ. பீப்பா குறைவாக இருந்தால் கற்கள் விழுந்து மோதி, நகக்குறி போல வெள்ளைப் பிறை அடையாளம் விழும். நிறைந்து போனால் ஒன்றும் அசையாது, தேயவும் தேயாது.

கடைசியாக ஒரு குளிப்பாட்டு. வாசனை சேராத சாதாரண கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி ஒரு மேசைக்கரண்டி போட்டு, தண்ணீர் விட்டு, ஒரு நாள் ஓடவிட்டால் தங்கிய வெள்ளைப் படலம் நீங்கி உண்மையான மினுக்கம் தெரியும்.

துப்புரவுதான் உயிர்

கட்டம் மாறும்போது கழுவுவதில் சோம்பல் கூடாது. 60 இலக்கத் தூளின் ஒரு மணி கால் மில்லிமீற்றர் அளவு. மினுக்கும் தூளின் மணி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. அந்தப் பெரிய மணி ஒன்றே ஒன்று நாலாம் கட்டத்துக்குள் போனாலும் ஒரு கிழமை வேலையைக் கெடுக்கும். ஊரிலே அம்மாமார் அரிக்கன் சட்டியில் அரிசியை அரித்துக் கல்லை நீக்குவார்கள். அதே பொறுமையோடு இங்கே கல்லை அரித்துத் தூளை நீக்க வேண்டும்.

பழைய பல்துலக்கும் தூரிகையால் ஒவ்வொரு கல்லையும் தேயுங்கோ. பீப்பாவின் உட்புறம், மூடியின் விளிம்பு, பள்ளம் எல்லாம் கழுவுங்கோ. வசதியிருந்தால் மினுக்கும் கட்டத்துக்கென்று தனிப் பீப்பா வைத்திருப்பது நல்லது. பருமன் தூளுக்குப் பாவித்த பீங்கான் மணியை மினுக்கும் கட்டத்துக்குப் பாவிக்க வேண்டாம். அதை வேறு டப்பாவில் போட்டு, வெளியே தமிழில் எழுதி ஒட்டுங்கோ. எழுதும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கோ.

ஈரத்தில் எல்லாக் கல்லும் மினுங்கும்

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கோ. தண்ணீரில் நனைந்திருக்கும்போது எந்தக் கல்லும் அழகாகத்தான் இருக்கும். ஆற்றில் கிடக்கும்போது மினுங்கிய கல் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மங்கிப்போவது இதனால்தான். ஆகவே கல்லைச் சோதிப்பதென்றால் துணியால் துடைத்து, முற்றாகக் காயவைத்து, ஒரு மின்விளக்குக்குக் கீழே பிடியுங்கோ. விளக்கின் உருவம் கல்லில் விளிம்பு தெளிவாகத் தெரிந்தால் வெற்றி. பனிமூட்டத்துக்குள் தெரிவது போல மங்கலாக இருந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

மினுக்கம் வராதபோது பலர் செய்வது, மினுக்கும் தூளையே திரும்பத் திரும்பப் போட்டு ஓட்டுவது. அதனால் பயனில்லை. மினுக்கும் தூள் கீறலை எடுக்காது, கீறல் இல்லாத இடத்தைத்தான் மினுக்கும். கீறல் தெரிந்தால் 500 இற்குத் திரும்பிப் போங்கோ. கீறல் ஆழமென்றால் 150/220 இற்கே போங்கோ. பின்னுக்குப் போவதில் வெட்கமில்லை. மூலையில் மட்டும் வெள்ளைப் பிறை விழுந்திருந்தால் கீறல் காரணமல்ல, மோதல்தான் காரணம். அதற்கு மருந்து கூடுதல் பீங்கான் மணியும் சரியான நிரப்பும்.

உடம்புக்கும் வீட்டுக்கும் பாதுகாப்பு

ஈரத்தில் தேய்ப்பதனால் தூசி பறக்காது, இதுதான் இந்த முறையின் பெரிய நன்மை. குவாட்ஸ் கல்லின் உலர்ந்த தூசி நெஞ்சுக்குள் போனால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். அந்த நோய்க்கு நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. ஆகவே கல்லை உலர்ந்தபடி அரைக்கவோ வெட்டவோ வேண்டாம். சேற்றைக் காயவிட்டுக் கூட்ட வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கோ. உலோகம் போல மினுங்கும் கல், நார் நாராக உரியும் கல், பெயர் தெரியாத கடும்பச்சைக் கல் எதையும் போடாதீர்கள். சிலவற்றில் நஞ்சோ அஸ்பெஸ்ரசோ இருக்கலாம்.

சேற்றுத் தண்ணீரைக் குசினித் தொட்டியிலோ மலசலகூடத்திலோ ஊற்றவே கூடாது. குழாயின் வளைவில் போய்ச் சீமெந்து போல இறுகிவிடும். பிறகு வீட்டுக்காரனுக்குக் குழாய் உடைத்த கணக்குக் கட்டவேண்டி வரும். ஒரு வாளியில் ஊற்றி அடையவிட்டு, தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் இறுகிய சேற்றைக் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கோ.

முதல் நாள் முடிந்ததும் பீப்பாவை நிறுத்தி ஒருமுறை மூடியைத் திறந்து மூடுங்கோ. சில கற்களால் உள்ளே வாயு சேரும், மூடி வீங்கித் தெறிக்கலாம்.

சத்தம் இன்னொரு பிரச்சினை. பிளாஸ்ரிக் பீப்பா கல் கொட்டுவது போலச் சத்தம் போடும், றபர் பீப்பா எவ்வளவோ மேல். மாடி வீட்டில் இருப்பவர்கள் படுக்கையறைச் சுவரோடு வைக்க வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் இரவு பத்து மணிக்குப் பிறகு கதவைத் தட்ட நியாயம் உண்டு. நிலவறையில் வைப்பதென்றால் அந்தச் செருகி உங்கள் சொந்த மீற்றரில் இருக்கிறதா என்று பாருங்கோ. பொது மின்சாரத்தில் செருகினால் வீட்டுக்காரனோடு வழக்குத்தான் வரும். மோட்டாருக்கு மேலே துணி போட்டு மூடாதீர்கள். கல் பதித்த நிலத்தில், எரியக்கூடிய சாமான் பக்கத்தில் இல்லாமல் வையுங்கோ.

மின்சாரச் செலவு பயப்படும் அளவில்லை. சிறிய மோட்டார் 30 வாற்று இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு முக்கால் யூனிற்றிலும் குறைவு. ஆறு கிழமைக்கு 30 யூனிற் அளவு.

எங்கட பிள்ளைகளும் கைத்தொழிலும்

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எங்கட ஆக்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளை டொக்ரர், இல்லையென்றால் இஞ்சினியர். இரண்டும் இல்லையென்றால் "எங்கட பிள்ளை சும்மா ஏதோ செய்யுது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோம். இந்த நாட்டிலே இரத்தினக்கல் தேய்ப்பது அரசு ஏற்றுக்கொண்ட, மூன்று வருடப் பயிற்சியுள்ள ஒரு தொழில். பொன்வேலையும் உலோக வேலையும் அரசு ஏற்றுக்கொண்ட தொழில்கள்தான். முறையாகப் பழகி, பரீட்சை எழுதி, சான்றிதழோடு வெளியே வருகிறார்கள். பின்னர் விரும்பியவர் அதற்கு மேலேயும் படிக்கலாம்.

நான் தொழிற்சாலையில் பார்க்கும் விசயம் ஒன்று சொல்கிறேன். வேலை தெரிந்த மனிதனுக்கு அங்கே மொழி குறைந்தாலும் மரியாதை குறையாது. ஒரு துண்டை விரலால் தடவி, "இது இன்னும் சரியில்லை" என்று சொல்லத் தெரிந்தவனை மேலாளரும் வந்து கேட்பார். அந்த விரலறிவு புத்தகத்தால் மட்டும் வராது. சிறுவயதிலே ஒரு பொருளைத் தொட்டு, பொறுத்திருந்து, பார்த்துப் பழகவேண்டும். உங்கள் பிள்ளை டொக்ரராக வந்தாலும் அந்தப் பொறுமை அவருக்கு உதவும், கெடுக்காது.

பொறுமையைப் பற்றித்தான் பிள்ளைகளோடு அடிக்கடி இழுபறி. இரண்டாம் நாளே திறந்து பார்க்கக் கேட்பார்கள். ஒரு நாட்குறிப்புக் கொப்பியைக் கையில் கொடுங்கோ. எத்தனை கல், என்ன நிறை, எந்தத் திகதி, எந்தத் தூள், எத்தனை கரண்டி என்று எழுதட்டும். சமையலறைத் தராசில் ஒவ்வொரு கட்டமும் நிறுத்து எழுதட்டும். கல் எவ்வளவு குறைந்தது என்று கழித்துப் பார்க்கட்டும். கணக்கும் வரும், தமிழும் வரும், காத்திருக்கவும் பழகும்.

ஒரு வேண்டுகோள்

நிர்வாகசபையிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். எல்லோர் வீட்டிலும் இயந்திரம் வைக்க வசதியிராது. முகாமில் இருக்கும் தம்பிமாருக்கு அறவே முடியாது. தமிழ்ப் பாடசாலை நடக்கும் கட்டடத்தின் கீழே உள்ள களஞ்சிய அறையில் ஒரு மூலையும் ஒரு செருகியும் தந்தால், பொதுவாக ஒரு இயந்திரம் வைக்கலாம். தூள் வாங்கும் செலவை நாலைந்து பேர் சேர்ந்து பகிர்ந்துகொள்வோம். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கழுவும் வேலையை என்னால் பொறுப்பெடுக்க முடியும். இரவு வேலைக் கிழமையிலும் வருவேன், ஏனென்றால் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நித்திரை முடிந்துவிடும். முகாமில் இருக்கும் தம்பிமார் ஓரிருவர் நாட்குறிப்பைப் பொறுப்பெடுத்தால் பிள்ளைகளுக்குத் தமிழ் கதைக்க அண்ணன்மார் கிடைப்பார்கள், தம்பிமாருக்குப் போக ஒரு இடம் கிடைக்கும். கோடை லீவிலே ஒரு பஸ் பிடித்து இடார்-ஓபர்ஸ்ரைனுக்கு ஒருநாள் எல்லோருமாகப் போய்வரலாம். பழைய ஆலையில் அந்தச் சக்கரமும் அந்தப் பலகையும் இருக்கின்றன. எந்த நாட்டில் இருக்கிறோமோ அந்த நாட்டு உழைப்பாளியின் கதையும் எங்கட பிள்ளைக்குத் தெரியவேண்டும்.

தொடங்க விரும்புபவர்கள் இன்று போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கோ. பங்குனியில் ஆற்றங்கரைக்குப் போய்ப் பொறுக்கினால், வருடப்பிறப்புக்கு முதற்கட்டம் முடிந்திருக்கும், வைகாசிக்குள் மினுங்கும் கல் கைக்கு வரும்.

பிறக்கும் புத்தாண்டு உங்கள் இல்லங்களில் சுகத்தையும் நிம்மதியையும், காத்திருப்போருக்கு நல்ல முடிவையும் கொண்டுவரட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.